நெய் டின்னுக்குள் நாற்பது அழைப்பிதழ்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பில் நாங்கள் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் தொடமாட்டோம்; அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் திறக்காத டின் நெய் டின்தான். அதனால்தான் நாற்பது அழைப்பிதழ்களையும் அதற்குள் திணித்து மூடினேன்.

திட்டுவதற்கு முன் கேளுங்கள். நைல் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரின் தேவாலய வாசலில் மூன்று வருடங்களுக்கு முன் குண்டு வெடித்தது. அன்று வாசல் காவலுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். என் கணவர் நஷீத் இடது காது செவிடானதோடு தப்பித்தார். அன்றிலிருந்து, எங்களவர்கள் மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கும் சிலுவையைக் காட்டினால்தான் உள்ளே விடுகிறோம். வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரும் நிற்கிறார்.

இந்த வருடம் எங்கள் பாதிரியார் அபூனா பிஸந்திக்கு வேறு யோசனை. கூட்டம் போட்டு, "கிறிஸ்துமஸ் அன்னிக்கு மத்தியானம் தெருவையே கூப்பிடுவோம். முஸ்லிம் வீடுங்கதான் முதல்ல. டீ, பிஸ்கட், பாட்டு. மணிக்கட்டெல்லாம் பாக்க வேணாம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிவிட்டார். "வாசல்ல நான் நிக்கிறேன் அபூனா."

வீட்டுக்கு வரும் வழியிலேயே பிடித்துக்கொண்டேன். "ஊர்ல வேற ஆம்பளையே இல்லையா அந்த வாசல்ல நிக்க?"

"எந்தப் பக்கம் நின்னு பேசற? இது கேக்காத காது" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழைப்பிதழ் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வீடு பக்கத்து வீட்டு உம்மு ஹிஷாம் அக்கா. தட்டப் போனேன். வாசலில் எனக்குத் தெரியாத நாலு ஜோடி ஆண் செருப்புகள் கிடந்தன. அவ்வளவுதான். தட்டாமலே திரும்பி வந்தேன். யாருடைய செருப்பு என்று கேட்கவும் இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய் நெய் டின்னைத் திறந்தேன்.

நஷீத் கேட்டபோது, "குடுத்துட்டேன்" என்றேன்.

ஜனவரி ஏழாம் தேதி, எங்கள் கிறிஸ்துமஸ், பிறந்தது. நள்ளிரவுப் பூசைக்குப் பிறகு மாமியார் வீட்டில் நோன்பு முடித்துவிட்டோம். காலையில் நான் அசந்து தூங்கிக்கொண்டிருக்க, முட்டை பொரிக்க நஷீத் நெய் டின்னைத் திறந்திருக்கிறார். நான் எழுந்து வந்தபோது நெய் வழியும் அட்டைகள் மேசைமேல் கிடந்தன.

"யாரையுமே கூப்பிடலையா?"

"இன்னொரு காதும் போகணுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். பிறகு அழுதுவிட்டேன்.

"இப்பயாவது கொண்டுபோய்க் குடு தேமியானா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு முறை நடந்தேன். ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை.

மூன்று மணிக்குத் தேவாலய முற்றத்தில் நாற்காலிகள் எல்லாம் காலி. வாசலில் நஷீத். பத்தடி தள்ளி நான். அப்போதுதான் தெருமுனையில் தலை முதல் கால் வரை கறுப்பு மூடிய ஓர் உருவம் வந்தது. அங்கிக்குள் எதையோ மார்போடு கட்டிப் பிடித்திருந்தது. வேகமாக வந்தது. நஷீத் கேட்காத காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"நில்லு!" என்று அலறினேன். போலீஸ்காரர் துப்பாக்கியைத் தூக்கினார். என் கால்கள் எப்படி ஓடின என்று தெரியவில்லை. நஷீத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"அடியே நான்தான்! சுட்டுடச் சொல்லாதே!" உருவம் முகத்திரையை விலக்கியது. உம்மு ஹிஷாம். கைக்குள் துணி சுற்றிய ஒரு பெரிய பாத்திரம்.

"திற அக்கா" என்றேன்.

திறந்தாள். அரிசி அடைத்து வேகவைத்த முட்டைக்கோஸ் சுருள்கள். ஆவி பறந்தது.

"எண்ணெயிலதான் செஞ்சேன். நெய் ஒரு சொட்டு இல்ல. உங்க நோன்பு எனக்குத் தெரியாதா?"

நோன்பு நேற்று ராத்திரியே முடிந்துவிட்டது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

"வருஷா வருஷம் பிஸ்கட் தட்டோட வருவே. இந்தத் தடவை எட்டிக்கூடப் பாக்கல. ஊர்ல எங்க பெரியம்மா செத்ததுக்கு விசாரிக்க என் தம்பிங்க நாலு பேரும் வந்திருந்தாங்க, அப்பவும் வரல. நாங்க என்ன தப்பு பண்ணோம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கினாள். விரலில் ஒட்டிய பிசுக்கை முகர்ந்து பார்த்தாள். இருபது வருடப் பக்கத்து வீட்டுக்காரி அவள்.

"நெய் டின்னுல வச்சிருந்தியா? நோன்பு முடியற வரைக்கும் நீங்கதான் அதைத் திறக்கவே மாட்டீங்களே."

நான் அட்டைப் பையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"என்னைப் பாத்தா பயந்தே?"

"ஆமாக்கா."

அவள் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் கவனித்தேன், மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தத் துப்பாக்கிக்கு எதிரே நடந்து வந்தேனே," என்றாள் உம்மு ஹிஷாம், "நான் மட்டும் பயப்படலன்னு நெனச்சியா?"