மிதிக்காத சுற்றுகள்

சனிக்கிழமை காலை, அடி அண்ணாமலையில் காசியின் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் காசி. அவர் காலடியில் பெடல் மெஷின், இரண்டு பாதமும் அதன்மேல். எதிரே மர நாற்காலியில் அவருடைய மச்சான் மணிவேல். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் பரீட்சை அட்டை, அதில் வெள்ளைத் தாள். காசியின் மனைவி கஸ்தூரி தரையில் சுவரோடு சாய்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் கீர்த்தனா கட்டில் விளிம்பில். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை, "நான் உக்காரல, அடுப்புல பாலு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அரை மணி நேரமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

கூடியது ஒரு கடிதத்துக்காக. காசி அரசு பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், பாதிக்கு மேல் பெங்களூர் ரூட். நாலு மாசத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் பேச்சும் ஒருவழியாகத் திரும்பிவிட்டன. காலுக்குத்தான் இந்த மெஷின். மருத்துவ விடுப்பு அடுத்த வாரத்தோடு முடிகிறது. 'நான் தேறிவிட்டேன், பஸ் ஓட்டத் தயார்' என்று டெப்போ கிளை மேலாளருக்கு எழுத வேண்டும்.

எழுதுவதெல்லாம் மணிவேல் பாடு. காசிக்கு வேறு பாடு இருந்தது. மூன்று வாரமாக அவர் வயிற்றில் ஒரு பயம் கல்லாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மெஷினில் சின்னதாக ஒரு கண்ணாடித் திரை உண்டு. மொத்தம் எத்தனை சுற்று என்று அதில் ஏறிக்கொண்டே போகும். பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வரும் அன்புச்செல்வி, "தினமும் மூணு வேள, பத்துப் பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காசி டிரைவர் புத்திப்படி ஒரு நோட்டு போட்டார். வண்டி எடுக்கும்போது ஒரு ரீடிங், விடும்போது ஒரு ரீடிங். முதல் மாதங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் 41,306 என்று எழுதி மூடி வைத்தார். மறுநாள் காலையில் திரை 41,414 காட்டியது.

கண் பிசகு என்று நினைத்தார். அன்று மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் மறுபடியும் ஏறியிருந்தது. ஷெட்டில் நின்ற வண்டி தானே ஓடிவிட்டு வந்து நின்றால் டிரைவருக்கு எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் கஸ்தூரியிடம் டாக்டர் சொன்னது அன்றே அவர் காதில் விழுந்திருந்தது. "ஞாபகத்துல தடுமாற்றம் வந்தா உடனே கூட்டிட்டு வாங்கம்மா. இன்னொரு தடவ வர்றதுக்கு அறிகுறியா இருக்கலாம்."

அப்போ மிதித்தது யார்? நான்தான். மிதித்துவிட்டு மறந்திருக்கிறேன். காசி அப்படித்தான் முடிவுக்கு வந்தார். அன்றிலிருந்து தன்னைத் தானே சோதிக்க ஆரம்பித்தார். படுத்தபடி பெங்களூர் ரூட்டை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார்: செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி. சொல்லி முடித்ததும், மத்தூரைச் சொன்னோமா விட்டோமா என்று சந்தேகம் வரும். மறுபடி திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்படுவார். கடைசியில், தொடங்கும்போது உள்ள ரீடிங்கை நோட்டில் எழுதுவதையே விட்டார். சாயங்காலம் ஒரே ஒரு எண். அதில் முதல் நாள் எண்ணைக் கழித்தால் அன்றைய கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்து வீடே சந்தோஷப்பட்டது.

மணிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"'வீட்டிலேயே பெடல் பயிற்சியை இடைவிடாது மேற்கொண்டு, தற்போது நாளொன்றுக்கு எழுநூற்று எழுபது சுற்றுக்குக் குறையாமல் மிதித்து வருகிறேன். வலது கால் பழைய பலத்தைப் பெற்றுவிட்டபடியால், வழித்தடத்தில் பேருந்து இயக்க முழுத் தகுதியுடன் உள்ளேன் என்பதைப் பணிவுடன்...' எப்பிடி மாப்ள? கணக்கோட சொன்னா மறுபேச்சு இருக்காது."

காசி அந்தத் தாளையே பார்த்தார். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது மறதி வந்தால்? கையில் ஸ்டியரிங் இருக்கும், எங்கே போகிறோம் என்று தெரியாது.

"மச்சான், நிறுத்துங்க."

"ஏன், பணிவுடன் வேணாமா?"

"அவ்ளோ நான் மிதிக்கல."

கீரைக் காம்பு கஸ்தூரியின் விரலிலேயே நின்றது.

"வேளைக்கு நூத்தம்பது. ஒரு நாளைக்கு நானூத்தம்பதுதான் எனக்குத் தெரிஞ்சு மிதிக்கிறேன். மீதி எப்ப மிதிச்சேன்னு எனக்குத் தெரியல. மூளைல ஏதோ ஆயிடுச்சு. சொன்னா திரும்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவீங்கன்னு சொல்லல." மனைவி பக்கம் திரும்பினார். "பயமா இருக்கு கஸ்தூரி."

கஸ்தூரி முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள்.

"ஐயோ, ஏங்க... அது நீங்க இல்லீங்க. நான்."

"இன்னாது?"

"நடக்க முடியாதவங்களுக்காக இன்னொருத்தர் கிரிவலம் சுத்துவாங்க இல்ல? உங்களுக்காகச் சுத்துறேன்னு வேண்டிக்கினேன். உங்கள விட்டுட்டு பதினாலு கிலோமீட்டர் எப்பிடிப் போறது? மெஷினு மலையப் பாத்தாப்பலதான இருக்கு. காலைல வௌக்கேத்திட்டு நூத்தியெட்டு, மதியம் நீங்க அசந்தப்போ நூத்தியெட்டு. வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுன்னு... நீங்க எடுக்குற ரீடிங்கு, விடுற ரீடிங்குன்னு தனியா எழுதுறீங்களே, என்து அதுல சேராதுன்னு நெனச்சேன்."

கீர்த்தனா விரலை மடக்கினாள். "அம்மா, நானூத்தம்பதும் இருநூத்திப் பதினாறும் அறுநூத்தி அறுபத்தாறு. இன்னும் நூத்திச் சொச்சம் இடிக்குதே?"

வாசற்படியில் பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது என்துடி. ரெண்டு வாரமா, கஸ்தூரி குளிக்கப் போற நேரம், காசித் தம்பி தூங்கினு இருக்கும். வந்து சுத்திட்டுப் போயிடுவேன். எனக்கே முட்டி வலி கொஞ்சம் கம்மியாச்சு!"

"மூணு பேரு ஓட்டின வண்டிக்கு ஒரே டிரைவர் கையெழுத்தா?" என்றார் மணிவேல். எல்லோரும் சிரித்தார்கள். காசியும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூன்று வாரக் கல் கரைந்தது. மூளைக்கு ஒன்றும் இல்லை. மத்தூர் அதே இடத்தில்தான் இருக்கிறது. சந்தோஷத்தில் வேகமாக மிதித்தார். பெடல் சரசரவென்று சுற்றியது.

"தம்பி," என்றாள் பாஞ்சாலை. அவள் சிரிப்பு நின்றிருந்தது. "உன் காலு மெஷின்லயே இல்லியே."

"இன்னாக்கா சொல்றீங்க? மிதிச்சினுதான இருக்கேன்."

"கீழ பாரு."

காசி குனிந்தார். இடது கால் மிதித்துக்கொண்டிருந்தது. வலது பாதம் வார் நழுவித் தரையில் கிடந்தது. காலியாகச் சுற்றி வந்த வலது பெடல், ஒவ்வொரு சுற்றுக்கும் பாதத்தின் மேல்புறத்தைச் சீவிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தோல் உரிந்து, ரத்தம் பொடித்திருந்தது.

கீர்த்தனா ஓடிவந்து பெடலைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா! வலிக்கலியா?"

வலிக்கவில்லை. கால் பெடல்மேல் இருப்பதாகத்தான் அவருக்கு இந்த நிமிஷம்வரை தோன்றிக்கொண்டிருந்தது. அந்த நானூற்றைம்பதிலும் வலது கால் மிதித்தது எத்தனை? இடது கால் மிதித்தால் மெஷின் தானாகச் சுற்றும். திரைக்கு எந்தக் கால் என்று தெரியாது. மறதி மறதி என்று தலையையே பிடித்துக்கொண்டிருந்ததில், காலை யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

வலது கால்தான் பிரேக்.

கஸ்தூரி ஈரத்துணியால் காயத்தைத் துடைத்தாள். அவள் தொடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் காசி தெரிந்துகொண்டார்.

மணிவேல் மெல்லச் சொன்னார். "வார இறுக்கிக் கட்டலபோல. இதுக்குப் போய்... மெடிக்கல் போர்டுல டாக்டருங்க பாத்துக்கட்டும் மாப்ள. நாமளா ஏன் முந்திக்கணும்?"

"அவங்க கண்டுபுடிக்கலன்னா?"

"அப்ப நல்லதுதான?"

"மச்சான், சிங்காரப்பேட்டை காட்டு வளைவுல, பிரேக் மேல காலு இருக்குதா இல்லியான்னு குனிஞ்சு பாத்துட்டா மிதிக்க முடியும்?"

மணிவேல் பேனா மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். "டிரைவர் வீடுன்னுதான் இந்த ஊரே சொல்லுது. இனிமே ஸ்டியரிங்கே இல்லன்னு ஆயிட்டா தாங்குவியா?"

அதுவும் பயமாகத்தான் இருந்தது. டைம் கீப்பர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் பஸ்ஸை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பது. அதுகூடக் கிடைக்குமா, வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களா? காசி கஸ்தூரியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

"வேற தாள் எடுங்க. கை தேறிடுச்சு, பேச்சு தேறிடுச்சுன்னு எழுதுங்க. வலது காலுல உணர்ச்சி இல்லன்னு எழுதுங்க. ஓட்டுற வேல இப்ப வேணாம், டெப்போவுல மாற்று வேல குடுங்கன்னு கேளுங்க."

"எத்தன சுத்துன்னு போடட்டும்?"

"சுத்தே வேணாம்."

மணிவேல் எழுதினார். 'உணர்ச்சி இல்லை' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது, அப்புறம் எழுதிவிட்டது. ஒருமுறை படித்துக் காட்டினார். காசி கையெழுத்துப் போட்டார்.

"கையில குடுக்க வேணாம்," என்றார் மணிவேல். "ஸ்பீடு போஸ்ட்ல போட்டா ரசீது இருக்கும்."

கீர்த்தனா கவரில் விலாசம் எழுதினாள். காசி தாளை மூன்றாக மடித்து உள்ளே வைத்து, பசை தடவி, மடிப்பைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். இன்னும் ஈரம்தான், இப்போதே பிரித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விரல் மடிப்பின்மேலேயே நின்றது. மணிவேல் கை நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார்.

"மணி பதினொண்ணரையாவுது மாப்ள. கவுண்டர் மூடிடுவான்."

காசி கவரைக் கொடுத்தார். மணிவேல் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கி, வண்டியை உதைத்துக் கிளப்பி, டவுன் பக்கம் திருப்பினார்.