கம்சனாவின் நிறம்

அச்சுத்தாளில் வரும் முகத்துக்கு உயிர் இருக்காது. கப்பில் போடும் படத்தை முதலில் தாளில் அடித்து, அதைக் கப்பில் சுற்றி, சூடாக்கினால்தான் நிறம் எழும்பும். தாளில் எல்லாம் சாம்பல் பூத்தே கிடக்கும். ஆயிரம் தாள் பார்த்திருப்பேன், ஒருபோதும் பயந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை பிரிண்டரிலிருந்து என் தங்கச்சி கம்சனா வெளியே வந்தபோது பயந்தேன். கொலோன் நகர ஆஸ்பத்திரியில், மூடியிருந்த சீலையை விலக்கி, இவர்தானா என்று கேட்டார்களே, அந்த நிறம்.

சைக்கிளில் போனவளை, வலப்பக்கம் திரும்பிய லொறி அடித்தது. இனி முப்பத்தோராம் நாள் காரியம். வாறவர்களுக்கெல்லாம் அவளின் படம் போட்ட கப் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் வீட்டில் முதன்முதல் பட்டம் எடுத்தவள் நான், அச்சுத் தொழில்நுட்பம். "கப்புக்குப் படம் ஒட்டவோ யூனிவர்சிற்றிக்குப் போனவள்?" என்று சித்தி கேட்டவ. இப்போது அதே சித்திக்கும் ஒரு கப் வேண்டுமாம். நான் வேலை செய்யும் அச்சுப் பட்டறையின் முதலாளி கதவுத் திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவும் கூட வந்து, குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

படம் கம்சனா தானே வரைந்தது. கனடாவில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு எங்கள் வீட்டார் இவளின் போட்டோவை வெளுப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். அதைக் கண்டதும், குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய், தன்னைத் தான் பார்த்து வரைந்தாள். கன்னத்தில் கடும் மண்ணிறம், தாடைக்குக் கீழே நீலம். கோபத்தில் வரைந்த முகம், ஆனாலும் வடிவு.

"உந்தக் கறுப்பைக் கொஞ்சம் எடுத்துவிடு பிள்ளை."

"ஏலாது."

"சனம் தேத்தண்ணி குடிக்கிற சாமானெல்லோ. கொஞ்சம் வெளிச்சமா இருக்கட்டன்."

"செத்தும் அவளை வெளுக்க வேணுமோம்மா?"

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "படிச்ச திமிர்," என்றாள்.

முதல் கப்பில் கன்னம் பச்சை தட்டியது. அடுத்ததில் செங்கல் நிறம். திரையில் அவள் சரியாகத்தான் இருந்தாள். திரை ஒளியால் நிறம் காட்டும், கப்பில் மை மட்டும்தான். எந்த மையை எவ்வளவு விடுவது என்று பிரிண்டருக்குச் சொல்லும் நிறக் கோப்பு, இந்தக் கப்பின் பூச்சுக்குப் பொருந்தவில்லை. பச்சையைக் குறைத்தால் நீலமும் போனது. நீலத்தைக் கொண்டுவந்தால் உதடு இருண்டது. ஒவ்வொரு முறையும் அந்தச் சாம்பல் முகத்தைக் கையில் எடுத்து, சுருக்கம் விழாமல் கப்போடு ஒட்ட வேண்டியிருந்தது. யாரோ ஒருத்தியைத் திரும்பத் திரும்ப அடையாளம் காட்டுவதுபோல.

"மச்சமும் பிழை," என்றாள் அம்மா, பிழைத்த கப்பொன்றைத் தூக்கிப் பார்த்து. "இடக் கன்னத்திலயெல்லோ அவளுக்கு."

"கண்ணாடியைப் பாத்துக் கீறினவளம்மா. கண்ணாடியில பக்கம் மாறித்தான் தெரியும்."

கடைசியில் பழைய கோப்பை எறிந்துவிட்டு, முதலிலிருந்து புதிதாக ஒன்று செய்தேன். அடித்தேன், சுற்றினேன், சூடாக்கும் பட்டையைப் பூட்டினேன். மணி அடித்தது. தடித்த கையுறையோடு தாளை உரித்தேன்.

நிறம் சரி. மண்ணிறம், நீலம், உதடு எல்லாம் அவள் வைத்ததே. ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். வரைந்த முகம் பார்ப்பதுபோல் இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்து பார்ப்பதுபோல். கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. தாளில் படத்தை இடவலம் திருப்பி அடிக்க வேண்டும், அப்போதுதான் கப்பில் நேராக விழும். புதுக் கோப்போடு அடிக்கும்போது, திருப்பும் கட்டளையை வைக்க மறந்துவிட்டேன். கண்ணாடியில் மாறியது மறுபடி மாறி, மச்சம் இடக் கன்னத்தில். மூலையில் அவள் போட்ட கையெழுத்து மட்டும் இடவலம் மாறிப்போன எழுத்துகளாக, ஒருவராலும் வாசிக்க ஏலாமல் கிடந்தது.

அம்மா எழும்பி வந்தாள். என் கையுறைகளில் ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு கப்பை வாங்கினாள்.

"இதையே எல்லாத்துக்கும் போடு," என்றாள். "நிறத்தைத் தொடாதை."

"இது பிழைச்சதம்மா. அவள் கீறினது இது இல்லை. அவளின்ரை பேர் கூட..."

"அவள் கீறினது இருக்கட்டும். எனக்கு இவள்தான் வேணும்."

கத்த வாய் திறந்தேன். கேட்டது கிடைத்துவிட்டதே; அந்த நிறத்தை ஒருவரும் வெளுக்கப்போவதில்லை. பிறகு என்ன கோபம்? அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தனியே இருந்து அவள் கண்டுபிடித்தவளை நான் யாருக்குக் காட்டுவேன்?

"தாங்கோ, தண்ணிக்குள்ள வைக்க வேணும்," என்று வாளியை இழுத்தேன். "கெதியா ஆறாட்டி மை ஊறி நிறம் கலங்கும்."

"வேண்டாம். ஆஸ்பத்திரியில கையைப் பிடிச்சனான், பனிக்கட்டி. இவள் இன்னும் சுடுறாள்."

ஜாக்கெட்டின் சிப்பைத் திறந்து கப்பை நெஞ்சோடு வைத்து, கழுத்து வரை மூடினாள். சூடு பொறுக்காமல் அம்மாவின் முகம் ஒருதரம் சுருங்கியது. உள்ளே, துணியின் இருட்டில், அந்த மண்ணிறமும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று மெல்ல நகரத் தொடங்கியிருக்கும். கைகளை நீட்டியபடி வாளியின் அருகில் நின்றேன்.