மருமவ கேட்ட அணில் கறி

எம் மருமவ தமிழினிக்கு மசக்கை. இட்லி குடுத்தா வாந்தி, கஞ்சி குடுத்தா வாந்தி, வெறும் தண்ணி குடிச்சாக்கூட தொட்டிகிட்ட ஓடிப்போய் குனிஞ்சு நிப்பா. மொதல்ல உண்டானது நாலாம் மாசத்துலயே கலைஞ்சு போச்சு. இப்ப மறுபடியும் அதே நாலாம் மாசம். டாக்டரம்மா எடை மிஷின்ல ஏத்திப் பார்த்துட்டு என்னத்தான் முறைக்கிறாங்க, ஏதோ நான் பட்டினி போட்டாப்பல. "இன்னும் எடை எறங்கினா பெட்ல சேர்த்துடுவேன். கொழந்த தாங்காதும்மா. இவங்கள பஸ்ல கிஸ்ல எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க.

வூட்டுக்கு வந்ததும் அவ தலையத் தடவிக் கேட்டேன். "உனக்கு இன்னாதாம்மா வாய்க்குப் புடிக்கும்? பிரியாணியா, மீனா? மக்கன் பேடா இனிப்புன்னாலும் சொல்லு, ஆற்காட்டுக்கு ஆளனுப்புறேன்."

அவ செவுத்தப் பார்த்துட்டு மெதுவா சொன்னா: "எங்கப்பா வறுப்பாரே, அணில் கறி. அது வேணும் அத்தே."

அடி பாவி! நான் தாயாரம்மா. குடியாத்தத்துல லுங்கித் தறி ஓட்டுற குடும்பம், பெருமாளக் கும்புடுறவங்க. ஆடு கோழி சாப்புடுவோம், இல்லன்னு சொல்லல. சனிக்கிழமையும் பொரட்டாசியும் கவுச்சி கெடையாது. ஆனா அணிலு? ராமரு கையால தடவிக் குடுத்த ஜீவன். தறிக்கூடத்துக்குள்ள பூந்து நூலக் கடிச்சாக்கூட "போ சாமி"ன்னுதான் வெரட்டுவேன். அதப்போய் வறுத்துத் துன்றதா?

அவங்க பழக்கம் வேற. ஊரு மாதனூர் பக்கம். அவ அப்பா ஜெயசீலன் ஆம்பூர்ல தோல் பதனிடுற ஒரு ஷாப்புல வேல செய்யிறாரு, ஞாயித்துக்கிழமையானா உண்டிகோல எடுத்துக்கினு தென்னந்தோப்புக்குப் போயிடுவாரு. அணிலு குரும்பையக் கடிச்சுப் போடுதுன்னு தோப்புக்காரங்களே கூப்புட்டு அடிக்கச் சொல்லுவாங்களாம். எம் புள்ள சதீஷ்குமாரு முன்ன ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனப்போ இவளப் பார்த்து, கட்டுனா இவளத்தான்னு நின்னுட்டான். கட்டி வெச்சேன். ஆனா சம்பந்தி வூட்டுல இதுவரைக்கும் கை நனைச்சதில்ல. அந்தச் சட்டியில எதெது வெந்துச்சோன்னு ஒரு அருவருப்பு. ஏன்னு அவரும் கேட்டதில்ல.

சதீசு கிட்ட சொன்னேன். "யம்மா, அணில் அடிச்சா ஃபாரஸ்ட்டுக்காரன் கேஸ் போட்டுருவான்"னான். "அப்ப உம் பொண்டாட்டி பட்டினி கெடக்கட்டுமாடா? நாயம் பேச வந்துட்டான்"னு ஒரு சத்தம் போட்டேன். அவன் தறிப் பக்கம் போய்ட்டான்.

மசக்கைக்காரி ஆசப்பட்டதக் குடுக்கலன்னா பொறக்குற கொழந்தைக்குக் காது வடியும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. காது வடியிறது இருக்கட்டும், கொழந்த நிக்கணுமே மொதல்ல. பக்கத்து வூட்டு ஹலீமா பீ செவுத்துக்கு அந்தாண்ட இருந்து எட்டிப் பார்த்தா. "இதுக்கா இவ்ளோ பேஜாரு? காடை வாங்கி மொளகு ஜாஸ்தியாப் போட்டு வறுத்துக் குடு. சின்ன எலும்பு, சின்னக் கறி. இன்னா தெரியப் போவுது அவளுக்கு?"

எனக்கும் சரின்னு பட்டுச்சு. காடைய வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மொளகுல பொரட்டி வறுத்து, "உங்கப்பா குடுத்தனுப்பினாரு"ன்னு தட்டுல வெச்சேன். பாவம், அந்த மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். ஒரு துண்ட எடுத்து வாயில போட்டா. மென்னா. எலும்ப வெளிய எடுத்து உத்துப் பார்த்தா.

"அத்தே, இது ரெக்க எலும்பு."

நான் தண்ணிச் சொம்ப அவ பக்கம் நகர்த்தினேன்.

"அணிலுக்கு ஏது அத்தே ரெக்க? அணிலத் தோலோட பொசுக்கித்தான் வறுப்பாங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாம். எதுக்கு எங்கப்பா பேர இழுத்தீங்க?" தட்டத் தள்ளி வெச்சுட்டு அழுதா. அதோட எங் கையால எது குடுத்தாலும் வேணாம்னுட்டா. ரசம் வேணாம், மோர் வேணாம். சதீசு கடையில வாங்கியாந்த பன்னத்தான் ஒரு வாய் கடிப்பா, அதையும் வாந்தி எடுப்பா. எங் கைச்சோறு அவளுக்கு எறங்கல. எம் மேல எனக்கே கோவம் வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் மாதனூர் பஸ்ஸப் புடிச்சேன். ஜெயசீலன் வாசல்ல உண்டிகோலுக்கு ரப்பர் கட்டிக்கினு இருந்தாரு. கல்லு வெக்கிற எடத்துல ஷாப்புல கழிச்ச ஆட்டுத்தோலு, நல்லா மெத்துன்னு. என்னப் பார்த்ததும் பதறி எழுந்து நின்னாரு.

"சம்பந்திம்மா! புள்ளைக்கு இன்னா?"

எல்லாத்தையும் சொன்னேன், காடை சங்கதியையும் சேர்த்து. "நீங்க வந்து வறுத்துக் குடுக்கணும். எங்க வூட்டுலயே"ன்னேன்.

அவரு என்ன நிமிந்து பார்த்தாரு. "எம் பொண்ணுக்கு நீங்க கேக்கணுமா? ஆனா இன்னிக்கு எம் பையனும் இல்ல, ஒத்த ஆளால அணில் அடிக்க முடியாது. கூட வாங்க."

"நானா?"

"கல்லு நான் அடிக்கிறேன். நீங்க நடந்தா போதும்."

தோப்புக்குப் போனாத்தான் புரிஞ்சுது. அணிலு நம்மளப் பார்த்தா மரத்துக்கு அந்தாண்டப் பக்கம் ஒட்டிக்கும். நாம சுத்தினா அதுவும் சுத்தும். அதனால ஒருத்தர் இந்தப் பக்கம் அசையாம நிக்கணும், ஒருத்தர் அந்தப் பக்கமா சருகு மிதிச்சு நடந்து வரணும். நடக்குற ஆளுக்குப் பயந்து அது நிக்கிற ஆளுகிட்ட வரும். அந்த நடக்குற ஆளு நானாம்! நாமக்கட்டி வெச்ச வூட்டுக்காரி, பொடவையத் தூக்கிச் சொருவிக்கினு தென்ன ஓலைய மிதிச்சு நடந்தேன். அணிலு என்னப் பார்த்துச்சு. வால ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு அந்தப் பக்கம் நழுவுச்சு. டப்புன்னு ஒரு சத்தம்.

"கோவிந்தா"ன்னு வாய் தானா சொல்லுச்சு.

"அடுத்த மரம்"னாரு ஜெயசீலன்.

அடுத்த மரத்துக்கும் நடந்தேன். அதுக்கடுத்ததுக்கும். நிக்கச் சொன்னா நின்னேன், கைதட்டச் சொன்னா தட்டினேன். மனசுக்குள்ள அந்தப் புள்ளையோட ஒட்டின வயிறுதான் ஓடிக்கினு இருந்துச்சு.

திரும்பி வரப்போ அவரோட டிவிஎஸ் ஃபிஃப்டியில பின்னாடி குந்தினு வந்தேன். மடியில மஞ்சப்பை. பையில இருக்குறது இன்னும் சூடா இருந்துச்சு. பாலாத்துப் பாலத்துமேல போறப்போ தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துடுவாங்களோன்னு முந்தானைய இழுத்து மூடிக்கினேன்.

பின்கட்டுல துணி தொவைக்கிற கல்லாண்ட மூணு செங்கல்லு வெச்சுக் குடுத்தேன். புதுச் சட்டி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன், அதக் குடுத்தேன். என் சமையக்கட்டுக்குள்ள இது வரக்கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லிட்டேன். அவரு தலையாட்டினாரு. ஓலையக் கொளுத்தி முடியப் பொசுக்கினாரு, கத்தியால வழிச்சாரு, கொடல எடுத்துட்டு மஞ்சத் தடவிக் கழுவினாரு. முடி பொசுங்குற நாத்தத்துக்கு ஹலீமா பீ வூட்டு ஜன்னலு சாத்திக்கிச்சு. அப்புறம் கடலெண்ணெயில சின்ன வெங்காயம், நசுக்கின பூண்டு, தேங்காச் சில்லு, இடிச்ச மொளகு. தண்ணி தெளிச்சு மூடி வெச்சு, சுண்டச் சுண்ட வறுத்தாரு. சொன்னா நம்ப மாட்டீங்க, வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கும் எனக்குக் கோவம் வந்துச்சு.

தமிழினி வாசனைக்கே எழுந்து வந்து பின்கட்டுப் படியில குந்திக்கினா. அப்பாவப் பார்த்தா, சட்டியப் பார்த்தா. தட்டுல சோறும் கறியும் வெச்சு நீட்டினாரு ஜெயசீலன். அவ கைய நீட்டல.

"நீங்க குடுங்க அத்தே."

"நான் எதுக்கு? அப்பா குடுக்குறாரு, வாங்கித் துன்னு."

"உங்க கையால குடுத்தா துன்றேன்."

காலையில குளிச்சு பெருமாளுக்குத் துளசி போட்ட கை. சதீசு தறிய நிறுத்திட்டு வந்து கதவோரம் நின்னான். எல்லாரும் எங் கையையே பார்க்குறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "ரொம்பத்தான் பண்றடி நீ"ன்னு சொல்லிக்கினே தட்ட வாங்கினேன்.

கறியத் தொட்டேன். சின்ன எலும்பு, ஊசியாட்டம். தொண்டையில குத்திடுமோன்னு பயம் வந்துச்சு. அப்புறம் நான் வேற எதையும் யோசிக்கல. ஒவ்வொரு துண்டையும் நசுக்கி, எலும்ப உருவி, சோத்துல பெசைஞ்சு ஊட்டினேன். அவ வாயத் தெறந்தா, மென்னா, முழுங்கினா. மறுபடியும் வாயத் தெறந்தா. தட்டு காலியாச்சு.

எல்லாரும் காத்துக்கினு இருந்தோம். நான் இடது கையில வாந்தி எடுக்குற குண்டாவ எடுத்து அவ முன்னாடி புடிச்சேன். அவ கண்ண மூடினா. நெஞ்ச ஒரு தூக்குத் தூக்குச்சு. ஜெயசீலன் மூஞ்சியத் திருப்பிக்கினாரு. பெருமாளே, பெருமாளேன்னு நான் உள்ளுக்குள்ள கத்துறேன்.

ஒரு ஏப்பம் வந்துச்சு. கண்ணத் தெறந்தா.

"அத்தே, நேத்து வேணாம்னேனே, உங்க ரசம். அது இருக்கா? சோத்துல ஊத்தி ஒரு வாய் குடுங்க."

குண்டாவ அங்கயே போட்டுட்டு சமையக்கட்டுக்குள்ள ஓடினேன். ரசச் சட்டியத் தூக்கினப்பறம்தான் பார்த்தேன், கை பூரா அணில் கறி. கழுவிட்டு வரலாம்தான். ஆனா அதுக்குள்ள அவளுக்குப் பசி போயிடுச்சுன்னா? அந்தக் கையோடவே சட்டியத் தூக்கிக்கினு ஓடினேன்.