கப்பல் படத்துக்கு எண்பத்தைந்து டாலர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒஹாயோவில் எங்கள் ஊர் ஏலக்கூடத்துக்கு நாற்காலி வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. நாற்காலி கிடைக்கவில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'மார்லிஸின் கைகள் நடுங்கின, அந்தப் படச் சட்டத்தை அவள்—'

வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கொதிக்கும் அண்டாக்களைத் தூக்கிய கை அது. நடுங்காது.

2

மார்லிஸ் க்ரெப்ஸுக்கு இப்போது ஏலக்கூடத்தில் சாமான்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. மதிப்பீட்டாளர் ஓய்வு பெற்றதும், அவருடைய மேசையை, அதாவது விலை மதிப்பிடும் அந்த வேலையை, தனக்குத் தரும்படி முதலாளி பர்டெட்டிடம் கேட்டாள்.

"சீட்டு ஒட்டுறதும் விலை சொல்றதும் ஒண்ணா? சரி, இந்தக் கப்பல் படம் எவ்வளவுக்குப் போகும்? பத்து டாலர் முன்னப்பின்ன சொல்லிட்டா மேசை உனக்கு."

படத்தைக் கொண்டுவந்த பல் டாக்டர் ஹார்லன் வைஸ் பக்கத்திலேயே நின்றார். "தொள்ளாயிரம் குடுத்து வாங்கினது. ஓவியரே கையெழுத்துப் போட்டது."

(சட்டத்துக்குப் பின்னால் ஓர் அரிய ஓவியம் ஒளிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படியும் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.)

3

மார்லிஸ் பூதக்கண்ணாடியை வைத்தாள். கடல் முழுக்கப் பொடிப்பொடியாக அச்சு இயந்திரத்தின் புள்ளிகள். கையெழுத்து நிஜம்தான், ஆனால் ஓரத்திலிருந்த எண்ணின்படி படம் அச்சடித்த ஆயிரத்து ஐந்நூறு பிரதிகளில் ஒன்று. இடது பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. சட்டம் மட்டும் கனத்த ஓக் மரம்.

"எண்பத்தஞ்சு."

"தொள்ளாயிரத்து எண்பத்தஞ்சா?"

"வெறும் எண்பத்தஞ்சு, டாக்டர். எண்பது சட்டத்துக்கு, அஞ்சு கப்பலுக்கு."

"சாப்பாடு போட்டவகிட்ட படத்தைக் காட்டினா இப்படித்தான்! ஏலத்துல விடுங்க, அப்பத் தெரியும்!"

பர்டெட் அவள் காதருகே குனிந்தார். "கொஞ்சம் ஏத்திச் சொல்லேன். மனுஷன் கோச்சுக்கிறாரு."

"போகாத விலையைச் சொல்றதுக்கு எனக்கெதுக்கு மேசை?"

4

சனிக்கிழமை ஏலம் இருபதில் தொடங்கியது. நாற்பது. அறுபது. எழுபதில் நின்றுவிட்டது. எண்பதுக்குக் கை தூக்கியது நான்தான், சட்டம் பிடித்திருந்தது. (இந்தப் பந்தயம் அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாக.) பின்வரிசைப் பெண்மணி ஒருத்தி "எண்பத்தஞ்சு!" என்றாள். நான் அதற்கு மேல் ஏற்றவில்லை. சுத்தியல் விழுந்தது.

மார்லிஸ் அடக்கமாகப் புன்னகைத்தாள் என்று முதலில் எழுதினேன். பொய். "அடிச்சேன் பாரு!" என்று கூடமே அதிரக் கத்தி, கையிலிருந்த ஒட்டுச் சீட்டுகளை மேலே வீசினாள். அத்தனை பேரும் கைதட்டினார்கள், விஷயம் தெரியாத நான் உட்பட. பர்டெட் அங்கேயே மேசைச் சாவியை நீட்டினார்.

5

மறுவாரம் டாக்டர் வைஸ் அந்த மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார். கையில் போர்வை சுற்றிய இன்னொரு படம்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா."

பிரித்ததும் மார்லிஸின் புருவம் உயர்ந்தது. அவள் சொன்ன விலையை நான் எழுதப்போவதில்லை. நீங்களே ஒரு விலை போட்டுக்கொள்ளுங்கள். அவளைவிடச் சரியாகப் போடுவீர்கள் என்ற நம்பிக்கை மட்டும் எனக்கு இல்லை.