சுவருக்குப் பின்னால் இருபத்துமூன்று பேர்

"நேத்து நீ பின்னறைக்குப் போனியாமே?"

மருந்துக்கடைக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். அவர் மனைவி, ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை, லிட்மஸ் தாள்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டா. தண்ணி குடுக்கப் போனேன்."

"அதுக்கு ஆயா இல்லையா? பெற்றோர் சங்கச் செயலாளர் பொண்டாட்டிதான் போய்த் தாங்கிப் பிடிக்கணுமா? கடைக்கு வர்றவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நம்ம பொண்ணும் அந்த வகுப்புலதான் படிக்கிறா, ஞாபகம் இருக்கட்டும்."

"அந்த ஞாபகத்துலதாங்க போனேன்."

அவர் தேநீர்க் கோப்பையை மேசையில் இடித்து வைத்த வேகத்தில் பாதி தேநீர் சிந்தியது. அவள் துணியெடுத்துத் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கால்வாய்க்கு அப்பால், தோல் பதனிடுவோர் தெருவில் இருந்த பள்ளிக்கூடம் மழையில் இடிந்து விழுந்தது. அங்கே ஏழாம் வகுப்பில் படித்த இருபத்துமூன்று பேரை இந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்து ஆணை வந்தது. ஊரே பொங்கி எழுந்தது. நாற்றம் என்றார்கள், தொற்று என்றார்கள், இடமில்லை என்றார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மருந்துக்கடைக்காரர்தான். வகுப்பறையை ஒட்டி ஒரு பழைய சாமான் அறை கிடந்தது. அதில் ஒரு திரையை மாட்டினார்கள். ஆசிரியையின் மேசையில் ஒரு கைபேசியை நிறுத்தினார்கள். இடைக்கதவைப் பூட்டி, அதன்மேல் அலமாரியைத் தள்ளிவைத்தார்கள். அந்த இருபத்துமூன்று பேரும் பின்சந்து வழியாக வந்து, முன்னறையில் நடக்கும் பாடத்தைத் திரையில் பார்த்துவிட்டு, பின்சந்து வழியாகவே போய்விட வேண்டும். இதற்குக் காணொளிக் கல்வி என்று பெயர். நவீன முயற்சி என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு அறிக்கை எழுதிப் பாராட்டும் வாங்கிவிட்டார்.

நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். ஆசிரியையின் குரல் முதலில் சுவர் வழியாகக் கேட்கும். திரையில் அவள் வாய் அதற்குப் பிறகுதான் அசையும்.

அன்று எலுமிச்சைச் சாற்றில் நீலத் தாளைத் தோய்த்து உயர்த்திக் காட்டினாள். முன்னறைப் பிள்ளைகள் "சிவப்பு!" என்று கத்தினார்கள். கைபேசியிலிருந்து ஒரு குரல் வந்தது. பின்னறையில் வாயாடி என்று பேரெடுத்தவள்.

"டீச்சர், இங்க எல்லாம் சாம்பலாத்தான் தெரியுது. எது சிவப்பு?"

"கண்ணுலயும் தோல் மூடியிருக்கு போல!" என்றான் முன்பெஞ்சுக்காரன் ஒருவன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் அவளுடைய மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எலுமிச்சை, சோப்புத் தண்ணீர், தாள்கள், கைபேசி எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். பியூனைக் கூப்பிட்டுப் பின்னறைத் திரையைக் கழற்றி முன்னறையில் மாட்டச் சொன்னாள். பின்சந்து வழியாகச் சுற்றிப் போய், பின்னறையில் நின்று பாடத்தைத் தொடர்ந்தாள்.

அங்கே பெஞ்சு இல்லை, பாய்தான். ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே தாளைத் தோய்த்தார்கள். வாயாடி தன் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி, "ஐயோ, இவ்ளோ சிவப்பா!" என்றாள்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தலைமையாசிரியர் வழிமறித்தார்.

"என்னம்மா கூத்து இது?"

"காணொளிக் கல்வி சார். நல்ல முயற்சின்னு நீங்கதானே எழுதுனீங்க?"

நான்காம் நாள் தலைமையாசிரியர் அறையில் நிற்க இடமில்லை. பெற்றோர் சங்கம் மொத்தமும் வந்திருந்தது.

"திரையைப் பார்த்து எம்பொண்ணு என்னத்தக் கத்துக்குவா? சந்தேகம்னா யாரைக் கேப்பா?" என்றாள் துணிக்கடைக்காரரின் மனைவி.

"டீச்சரை நேர்ல பாக்காம படிக்க, எம்பையன் என்ன தீண்டத்தகாதவனா?" என்றார் மரக்கடைக்காரர். சொன்ன பிறகும் அவருக்கு உறைக்கவில்லை.

ஆசிரியை வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்க சொல்றதை எழுத்துல குடுங்க. அதுப்படி நடந்துக்கறேன்."

பேனாவை எடுத்தவர் அவள் கணவர். விறுவிறுவென்று எழுதினார்: 'இப்பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குத் திரை வழியே பாடம் நடத்துவது அவர்களை அவமதிப்பதாகும். ஆசிரியர் நேரில் நின்று கற்பிப்பது ஒவ்வொரு மாணவரின் உரிமை. இந்த முறையை உடனே நிறுத்த வேண்டும்.' கீழே முதல் கையெழுத்தும் அவருடையதே. மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு போட்டார்கள். தலைமையாசிரியர் முத்திரை குத்தினார்.

அவள் நிதானமாகப் படித்தாள். கைபேசியில் படம் பிடித்துக் கல்வி அதிகாரிக்கு அனுப்பினாள்.

"ஒரு சொல்கூட மாத்த வேண்டாங்க. ஏழாம் வகுப்புப் பதிவேட்டுல நாப்பத்தொம்பது பேர் இருக்காங்க. அதுல இருபத்துமூணு பேருக்கு நாலு மாசமா நடந்த அவமானத்தைத்தான் நீங்க எழுதியிருக்கீங்க."

கணவர் கையை நீட்டினார். "குடு அதை."

"அனுப்பியாச்சு."

"வீட்டுக்கு வா. உங்கிட்ட பேசிக்கறேன்."

"வர்றேங்க. பேசலாம்."

வீட்டில் அவர் பேசவில்லை. பத்து நாள் அவள் வைத்த தட்டைத் தொடாமல் கடையிலேயே சாப்பிட்டார். பதினோராம் நாள் ஆணை வந்தது: பெற்றோரின் கோரிக்கையை ஏற்றுத் திரைவழி வகுப்பு நிறுத்தப்படுகிறது, எல்லோருக்கும் ஒரே அறையில் பாடம்.

அலமாரியை நகர்த்தி இடைக்கதவைத் திறந்தார்கள். இருபத்துமூன்று பேரும் சுவரோரமாக, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். அன்றே முன்னறைப் பிள்ளைகளில் பதினோரு பேரின் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பங்கள் வகுப்பாசிரியையான அவள் மேசைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவள் மகளுடையது. தந்தையின் கையெழுத்து தாள் கிழியும்படி அழுத்திப் போடப்பட்டிருந்தது.

மகள் மூன்றாவது பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றாள் ஆசிரியை. "இன்னும் ரெண்டு பேர் உக்காரணும்."

பத்து விண்ணப்பங்களைத் தலைமையாசிரியருக்கு அனுப்பினாள். மகளுடையதில் 'தாயின் கையொப்பம்' என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டு, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினாள்.