நடக்கிற ஷூ

கட்டுப் பிரித்த அன்று என் இடது கால் வேறு யாருடையதோ போல மேசைமேல் கிடந்தது. கெண்டைக்கால் வற்றிச் சூம்பிப் போயிருந்தது. கணுக்கால் மட்டும் பூசணிப் பிஞ்சு மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, வீக்கம் வடியத்தான் நாளாகும், நடந்து பழகட்டும் என்றார்.

"மறுபடி பாறை ஏறலாமான்னு கேக்கணும் இவளுக்கு. வாய் வராது. நானே கேக்குறேன், கூடாதுதானே?" என்றாள் அம்மா.

"அவ கால்தான் சொல்லணும்," என்று டாக்டர் சிரித்தார். அம்மா அதைக் கூடாது என்று எடுத்துக்கொண்டாள். நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

நானும் அம்மாவும் ஒரே சலவைக் கடையில் வேலை செய்கிறோம். அவள் தேய்ப்பாள், நான் மடிப்பேன். மடிக்கிற மேசைக்குப் பின்னால் இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாது. அங்கே நின்றுகொண்டு நல்ல காலைத் தூக்கிவிட்டு, நோயாளிக் காலால் எம்பி எம்பி இறங்கினேன். வலித்தது. நீ வலி, நான் எம்புகிறேன் என்று இன்னும் கொஞ்சம் எம்பினேன். சட்டைகளின் அடுக்கு சரிந்தது.

"மேசை ஏன் ஆடுது?"

"தரை சரியில்லம்மா."

"தரைதான் சரியில்ல," என்றாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து. ஆவி அவள் முகத்தை மறைத்தது.

கணுக்கால் ஓரளவு மடங்கத் தொடங்கியதும் கட்டிலுக்கடியில் என் ஷூவைத் தேடினேன். காணோம்.

"தூக்கிப் போட்டுட்டியா?"

"நான் என்ன பாவியா?" அம்மா அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். கறுப்புப் பாலீஷ், புது நாடா, கடையில் வாங்கியது போல மினுமினுத்தது. "உள்ள கைய விட்டுப் பாத்தேன். விரலெல்லாம் மடங்கி மடங்கிக் குழி விழுந்திருக்கு. இதைப் போட்டா கால் உடையாம என்ன செய்யும்? செருப்புத் தைக்கிறவர்கிட்ட குடுத்துக் கட்டை போட்டு அகட்டிட்டேன். இனிமே நடக்கப் போட்டுக்கோ."

பாறை ஏறுகிற ஷூ இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். விரல்கள் குவிந்து நுனிக்கு வந்தால்தான் நகத்தகல விளிம்பிலும் கால் நிற்கும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? கெடுத்துவிட்டாள். என் கால் உடைந்ததற்குத் தன் அறிவுக்கு எட்டிய காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சரியும் செய்திருந்தாள்.

"இதுல ஏற முடியாதும்மா."

"ஏறாதே. பள்ளிக்கூடத்துலயே பாதியில இறங்கினவ, பாறையில மட்டும் உச்சிக்குப் போயே ஆகணுமாக்கும்."

"அங்க யாரும் என்னை எழுந்து நின்னு பதில் சொல்லச் சொல்றதில்ல."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் உட்கார்ந்து ஷூவைப் போட்டுப் பார்த்தேன். வலது கால் உள்ளே நீந்தியது. இடது காலை நுழைக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். வீங்கிய கால் ஷூவை முழுக்க நிரப்பிக்கொண்டு, இருக்க வேண்டிய இறுக்கத்தில் கச்சிதமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது காலுக்கு இரண்டு காலுறை போட்டால் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அம்மா மறித்தாள். "எங்க?"

"நடக்க. அதுக்குத்தானே அகட்டிக் குடுத்தே?"

கைவிட்ட கல்குவாரியில் வெல்டர் எனக்காகக் காத்திருந்தாள். கேட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். என் கயிற்றைப் பிடிப்பவள் எப்போதும் அவள்தான். "வாங்க நொண்டி மகாராணி," என்றவள் என் காலைப் பார்த்தாள். "என்னடி இது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி பாலீஷு?"

"எங்கம்மா வேலை."

 என் இடுப்பு முடிச்சை இரண்டாம் முறை இழுத்துப் பார்த்தாள்.

பாறையில் அடித்திருக்கும் வளையங்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். நான் போகப் போகக் கீழிருந்து அவள் கயிறு விடுவாள். விழுந்தால் இறுக்குவாள். பாதி உயரத்தில் மூக்கு போல ஒரு கல் புடைத்திருக்கிறது. அதன் அடியில்தான் போன தடவை இடது கால் வழுக்கி, கீழே இருந்த திட்டில் கணுக்கால் மோதியது. திட்டைத் தாண்டினேன். அதே விளிம்பு. அதே காலை வைத்தேன். தொடை தையல் மெஷின் போல வெடவெடத்தது. ஷூவின் நுனி விளிம்பைக் கடித்து நின்றது. தலைக்குமேல் வளையம். மாட்ட ஒரு கை நீளக் கயிறு வேண்டும். இழுத்தேன். வரவில்லை.

"கயிறு," என்றேன்.

"அம்மா, கயித்த விடுங்க," என்ற வெல்டரின் குரல் கேட்டது.

குனிந்து பார்த்தேன். வெல்டருக்குப் பின்னால், தரையில் கிடந்த மிச்சக் கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு அம்மா நின்றிருந்தாள். நடந்துதான் வந்திருக்கிறாள், என் பின்னாலேயே.

"விட்டா விழுந்துடுவாளே."

"விழுந்தா நான் பிடிப்பேன்மா. நீங்க பிடிச்சா அவளால ஏற முடியாது."

அம்மா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அவள் கை இளகியதா என்று அந்த உயரத்திலிருந்து தெரியவில்லை. வெடவெடத்த காலின்மேல் என் முழு எடையையும் ஏற்றினேன். இடுப்பிலிருந்த கயிற்றைப் பிடித்து, மறுபடி இழுத்தேன்.