லீவும் ஹாலிடேயும்

“லீவுக்கும் ஹாலிடேக்கும் என்ன வாப்பா வித்தியாசம்?”

இதைக் கேட்டபோது ஹிஃப்ஸாவுக்கு ஏழு வயது. வளைகுடாவில் ரூவி என்ற ஊரிலிருந்த வாப்பாவின் மளிகைக் கடையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். வகுப்புப் பிள்ளைகள் ஹாலிடேக்கு எங்கெங்கோ போகிறார்கள், நாம் மட்டும் ஏன் லீவு கிடைத்தால் கீழக்கரைக்கே போகிறோம் என்பது அவள் வழக்கு. வாப்பா கௌஸ் முகைதீன் தராசிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “போற எடத்துல நமக்காக ஆளு காத்துக்கிட்டிருந்தா அது லீவும்மா. ஒருத்தரும் காத்திருக்கலைன்னா ஹாலிடே.”

இருபத்திரண்டு வருடம் கழித்து, அந்தக் கடைக்கு மேலிருந்த வீட்டில் அவள் வாப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் காலையே அடக்கம் முடிந்துவிட்டது. இன்றுதான் வந்து சேர்ந்தாள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கணவன் சாதிக் பாட்ஷாவுக்கு பர்மிங்ஹாமில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர்கள் போன முதல் ஹாலிடேயில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. வேல்ஸின் மேற்குக் கரையில் பெம்ப்ரோக்‌ஷயர் என்ற ஊர்ப்புறம். ஆட்டு மந்தைகளுக்கு நடுவே ஒரு கல்வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார்கள். வாப்பாவுக்கு மூச்சிரைக்கிறதே என்று அவள் தயங்கியபோது, “இது எப்பவும் உள்ளதுதான். கலாஸ், பேச்சு முடிஞ்சது, போயிட்டு வா” என்று அவர்தான் விரட்டினார்.

அந்த வீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. பட்டியைத் தாண்டிக் குன்றின் மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். மூன்று நாளும் ஏறிப் பேசினாள். தூறலையும், கண்கொள்ளாத பச்சையையும், அலைக்கு நடுவே தலைதூக்கிப் பார்க்கும் கடல்நாய்களையும் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அங்க யாரும்மா உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கா?” என்றார்.

“ஆடுங்கதான் வாப்பா.”

அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நான்காம் நாள் நல்ல மழை. குன்று வழுக்கும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். மறுநாள் காலை ஏறியதும் போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினோரு அழைப்புகள், எல்லாம் கார்மேகத்தின் எண்ணிலிருந்து. கிடைத்த ஒரே டிக்கெட்டில் தனியாகக் கிளம்பினாள்.

கார்மேகம் ராமநாதபுரத்துக்காரர், கட்டட வேலை. மேல்மாடி அறையில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறார். சாயங்காலம் டியூட்டி முடிந்து, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்து வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு உடுப்பெல்லாம் சிமெண்டு என்றார். வழியெல்லாம் சுமந்து வந்த கேள்வியை அவள் கேட்டாள். வாப்பா பக்கத்தில் யார் இருந்தார்கள்? உயிர் பிரியும் நேரத்தில் காதில் கலிமா சொல்ல ஆள் இருந்ததா?

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் மட்டுந்தான் தங்கச்சி இருந்தேன். ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், அது வர்றதுக்குள்ள இழுக்க ஆரம்பிச்சிருச்சு. உங்க ஆளுங்க எல்லாம் மக்ரிப் தொழுகையில. தண்ணிய விரலால தொட்டுத் தொட்டு நாக்குல வச்சேன். கடைசியில காதுல என்னமோ ஓதுவீங்கன்னு தெரியும், என்னன்னு தெரியாது. அஞ்சு நேரமும் கேக்குற பாங்குதான் எனக்கு மனப்பாடம். அதையே முழுசாச் சொன்னேன். தப்புன்னா மன்னிச்சுக்கங்க.”

ஹிஃப்ஸாவின் கையில் சட்டை பாதி மடிப்பில் நின்றது. பாங்கைக் காதில் சொல்வது பிறந்த பிள்ளைக்குத்தான். அவள் காதில் வாப்பாதான் சொன்னாராம். போகிறவர் காதில் சொல்லி அவள் கேட்டதில்லை. ஆனால் கலிமா அதற்குள்ளேதானே இருக்கிறது.

“தப்பில்லண்ணே. எல்லாம் அதுலயே இருக்கு.”

அவர் முகம் தெளிந்தது. “உங்களுக்குப் போன் போடுறதப் பாத்துட்டு, வேணாம், பிள்ளை ஹாலிடேல இருக்குன்னாரு. அப்பறம் ஒண்ணு சொன்னாரு, பெனாத்துறாருன்னு நெனச்சேன். ‘கார்மேகம், எனக்கு லீவு கெடச்சிருச்சுப்பா’ன்னாரு.”

உம்மா அஸ்மத் பீவி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது.

சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு ஹிஃப்ஸா அழுதாள். இரண்டு நாளாக வராத அழுகை. அது ஓய்ந்தபோது நெஞ்சில் காற்று தடையில்லாமல் போய் வந்தது.

இருட்டியதும் கடையைப் பார்க்க இறங்கினாள். கல்லாவுக்கு அடியில் ஒரு பை இருந்தது. கறுப்பு எள், பச்சரிசி, ஊரிலிருந்து யாரையோ கொண்டுவரச் சொல்லி வாங்கிய தர்ப்பைக் கட்டு. மேலே வாப்பாவின் கோணல் எழுத்து: ‘கார்மேகம். ஆடி அமாவாசை.’ கார்மேகத்தின் தாயார் இறந்தபோது, விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் அவரை ஊருக்கு விடவில்லை. அந்த வருடம் தொடங்கி ஒவ்வொரு ஆடிக்கும் வாப்பா இதை எடுத்துவைப்பார். “லீவு கெடைக்காத பிள்ளை, இங்க பக்கத்துல மத்ரா கடல்லயாவது செய்யட்டும்” என்பார். சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். அமாவாசை நாளைக்கு.

விடிவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கார்மேகத்தின் கதவுப் பிடியில் பையை மாட்டி, வாப்பாவின் எழுத்து வெளியே தெரியும்படி திருப்பிவிட்டாள். தெருமுனைப் பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு தொடங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அதனோடு ஒரு குரல், தன்னை அறியாமல், பாங்கின் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு போனது.

தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள்.